அத்தைக்கு எடுத்த சீனியர் சிட்டிசன் பாலிசி: ஆஸ்பத்திரி வரைக்கும் சரி, அப்புறம்?

என் மாமியாருக்கு எடுத்த மருத்துவக் காப்பீட்டு பாலிசி எப்படி என்று சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதற்கு முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாங்கள் அவிநாசிப் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருக்கிறோம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எந்த பில் கைக்கு வந்தாலும் வரி விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. காப்பீட்டுக் கம்பெனியின் பெயரைப் போடவில்லை; வயதானவர்களுக்கான பாலிசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குறை நிறைகள் பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்த பாலிசி நன்றாகவே கை கொடுத்தது. இந்த மே மாதம் மறுபடியும் புதுப்பித்துவிட்டோம். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு ஆகிற செலவுக்கு இது கிட்டத்தட்ட உதவாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டைக் கரைப்பது அந்தச் செலவுதான். பாலிசி எடுக்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

பாலிசி எடுத்தது 2024 மே மாதம். அதற்கு முன்னால் கேட்டபோதெல்லாம் "65 தாண்டிட்டாங்களே" என்று தயங்கினார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் 1 முதல் அந்த வயது வரம்பை எடுத்துவிட்டது. எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலமும் (அது முடியும் வரை அந்த நோய்க்குப் பணம் வராது) அதிகபட்சம் 4 வருடமாக இருந்தது 3 வருடமாகக் குறைந்தது. அத்தைக்கு அப்போது 67 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. காப்பீட்டுத் தொகை 5 லட்சம், பிரீமியம் 28,000, அன்றைக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 5,040, ஆக மொத்தம் 33,040 ரூபாய் கட்டினோம். கோ-பே 20 சதவீதம், அதாவது எந்த க்ளெய்ம் வந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு நம் கையிலிருந்து போகும். அறை வாடகை நாளுக்கு 5,000 வரைதான்.

ஏஜென்ட் தம்பி நல்ல பையன்தான். ஆனாலும் விண்ணப்பத்தை நிரப்பும்போது, "சுகர் மாத்திரைய எழுத வேண்டாம்ங்கக்கா, பிரீமியம் ஏறிரும்" என்றான். நான் சம்மதிக்கவில்லை. எத்தனை வருடமாகச் சுகர், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எல்லாவற்றையும் எழுதவைத்து, அந்தப் பக்கத்தை போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் அருமை பின்னால் தெரிந்தது.

2025 ஆடியில், மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன அத்தை தொட்டி ஓரத்துப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டில் பந்து போல இருக்கும் பகுதியை மட்டும் மாற்றி வைக்க வேண்டும் என்றார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மூட்டு மாற்று சிகிச்சைக்கு எங்கள் பாலிசியில் 2 வருடக் காத்திருப்பு உண்டு. அப்போது பாலிசிக்கு வயது ஒரு வருடம் சொச்சம். ஆனால் விபத்தினால் மூட்டு மாற்ற நேர்ந்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது. கேஸ் ஷீட்டில் டியூட்டி டாக்டர் முதலில் எழுதியிருந்தது இடுப்பு வலி, எலும்புத் தேய்மானம், சுகர், பிரஷர், இவ்வளவுதான். விழுந்த விஷயமே அதில் இல்லை. நான் அவரிடம் போய், "டாக்டர், இவங்க காலைல தொட்டிகிட்ட வழுக்கி விழுந்தாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் நல்லா நடந்துட்டுத்தான் இருந்தாங்க. அத எழுதுங்க" என்று கேட்டேன். அவர் தேதி, நேரம், விழுந்த இடம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த முதல் கேள்வியே இது தேய்மானத்தால் வந்ததா, விபத்தா என்பதுதான். இரண்டாவது கேள்வி, சுகர் எப்போதிலிருந்து என்பது. கேஸ் ஷீட்டும் விண்ணப்பத்தின் போட்டோவும் போன பிறகு அனுமதி வந்துவிட்டது. உண்மையில் நடந்தது தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது கூட இருப்பவர்களின் வேலை. டாக்டருக்கு நோயாளியின் இடுப்புதான் கண்ணில் படும், நம் பாலிசியின் விதி படாது.

அறை விஷயத்தில் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் இருந்த பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். "உங்க லிமிட் 5,000தானுங்க, 7,500 ரூபாய் ரூமுக்குப் போயிராதீங்க" என்று அவரே எச்சரித்தார். 2,500தானே, கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். அப்படி முடிகிற விஷயம் இல்லை. வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 7,500 அறையில் 5,000 வரம்பு என்றால் இவற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் கணக்கில் வரும். மருந்து, உள்ளே வைக்கும் உபகரணம், பரிசோதனைகள் இவற்றில் மட்டும் இப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. டிஸ்சார்ஜ் பில்லில் அதைச் சரிபாருங்கள்.

மொத்த பில் 3,20,000. அதில் கையுறை, டயபர், பதிவுக் கட்டணம், கூட இருந்தவர் சாப்பாடு என்று 18,000 ரூபாய் கணக்கிலேயே வராது. மீதி 3,02,000-இல் 20 சதவீதம் கோ-பே, 60,400. கம்பெனி கொடுத்தது 2,41,600, நாங்கள் கட்டியது 78,400. இரண்டு தடவை கட்டிய பிரீமியத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் எங்களுக்கு லாபம்தான். அத்தை பில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, நாலு மாடு வாங்கியிருக்கலாமே" என்றார்.

குறை என்று சொன்னால், டிஸ்சார்ஜ் அன்றைக்கு நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசி பில் போய் 3 மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும் என்பது ஆணையத்தின் 2024 உத்தரவு. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வாங்கினால் அதையும் காப்பீட்டுக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். எங்களுக்குக் காலையில் போன பில்லுக்கு இருட்டின பிறகுதான் பதில் வந்தது. இடுப்பில் தையலோடு ஒரு பெரியவரை நாள் முழுக்க அப்படி உட்காரவைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த உத்தரவைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த நேரத்துக்கான அறை வாடகையை அவர்களே ஏற்றார்கள். இப்படிப்பட்ட புகாருக்குக் கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு.

முதல் ஆறேழு வாரம் அத்தையால் தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகுக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிவிடும். சுகர் இருப்பவருக்குப் படுக்கைப்புண் வந்தால் ஆறுவது பெரும்பாடு. ஆபரேஷன் பண்ணின காலை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் போகவிடக் கூடாது என்பதால், திருப்பும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்தே திருப்ப வேண்டும். ஒருவர் இடுப்பையும் ஒருவர் தோளையும் பிடித்துத் திருப்புவோம். காற்று மெத்தையும் கட்டிலும் வாடகைக்கு எடுத்தோம். நான் வேலைக்குப் போக வேண்டும், வீட்டுக்காரருக்குத் தறிக்கூடம் இருக்கிறது. ஹோம் நர்ஸ் வைக்காமல் வேறு வழி இல்லை. ஏஜென்சிக்கு மாதம் 24,000, சாப்பாடு நம்முடையது. வந்த பெண் தங்கமான மனுஷி. ஆனால் அவர் நர்ஸ் படிப்பு படித்தவர் இல்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, நடக்கவைப்பது அவர் வேலை. காயத்துக்குக் கட்டு மாற்றப் படித்த நர்ஸ் தனியாக வர வேண்டும். ஏஜென்சியிடம் பேசும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை உண்டு. அதில் மருந்து, எக்ஸ்ரே, டாக்டர் பீஸ், டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்த பிசியோதெரபி ஆகியவற்றின் பணம் வந்தது. ஒவ்வொரு பில்லோடும் சீட்டின் நகலைப் பின் அடித்து அனுப்பினேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஹோம் நர்ஸ் சம்பளம், டயபர், மெத்தை வாடகை இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பாலிசியில் "வீட்டிலேயே சிகிச்சை" என்று ஒரு வரி இருக்கும். நிறையப் பேர் அதை நம்பி இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவு நோய் இருந்து, நகர்த்த முடியாத நிலை அல்லது அங்கே படுக்கை காலி இல்லாத நிலை இருந்தால்தான் அது பொருந்தும். முதுமையால், பக்கவாதத்தால், மறதி நோயால் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்வதற்கு அது வராது. எங்களுக்கு அந்த மூன்று மாதத்தில் வீட்டில் ஆன செலவு 1,20,000 ரூபாய்க்கு மேல். ஆஸ்பத்திரியில் கையிலிருந்து கட்டியதைவிட அதிகம். அத்தை எழுந்து நடந்துவிட்டார். நடக்க முடியாமலேயே போகிறவர்களின் வீட்டில் இது வருடக்கணக்கில் ஓடும்.

ஜப்பானில் 2000-லிருந்து நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே பொதுக் காப்பீடு இருக்கிறது, 40 வயதிலிருந்து எல்லாரும் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் 1995-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில்கூட முதியோருக்கான அரசுக் காப்பீடு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தேர்ந்த நர்சிங் கவனிப்புக்கு 100 நாள் வரைதான் உதவும்; குளிப்பாட்ட, ஊட்டிவிட என்று ஆள் வைப்பதற்கு அது தராது என்று அங்கே இருக்கும் எங்கள் பங்காளி ஒருவர் சொன்னார். நம் ஊரில் சாதாரணக் குடும்பம் எடுக்கிற பாலிசிகளில் இப்படி ஒரு பகுதியே இல்லை. கோயம்புத்தூரைச் சுற்றி வயதானவர்களுக்கான குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. சிலவற்றில் நர்ஸ், சாப்பாடு எல்லாம் உண்டு. அந்த மாதக் கட்டணத்துக்கும் மருத்துவ பாலிசியில் பணம் வராது.

இந்த இடத்தில் அரசுத் திட்டம் ஒன்றை மனசாரப் பாராட்ட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புக் கவனிப்பும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னோம். ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா சாளைக்கே வந்தார். வாக்கரின் கால் ரப்பர் தேய்ந்திருப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். "இதோட சிமெண்ட் தரையில நடந்தா திரும்ப விழுவாங்க, இன்னைக்கே மாத்துங்க" என்று கறாராகச் சொன்னார். தனியாரில் ஒவ்வொரு வருகைக்கும் பணம் வாங்கியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. பணம் இருப்பவர்களும் தயங்காமல் போய்ச் சொல்லுங்கள், அந்தத் திட்டம் எல்லாருக்குமானது.

காப்பீட்டிலும் அரசு வழிகள் இருக்கின்றன. வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவரின் அம்மாவுக்கு இதில்தான் இதய சிகிச்சை நடந்தது, கையிலிருந்து எதுவும் கட்டவில்லை. 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை இன்னொன்று. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. அத்தைக்கு அடுத்த வருடம் 70, விண்ணப்பிக்கப் போகிறோம். எந்த அட்டையாக இருந்தாலும், நீங்கள் போக நினைக்கும் ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு விஷயம். குறைந்தது 5 வருடம் இஎஸ்ஐயில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருடம் 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரும். என் அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குத்தான் இன்றும் போய் வருகிறார். எங்கள் கம்பெனியில் ஓய்வு பெறும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லி அனுப்புகிறேன். முக்கால்வாசிப் பேருக்குத் தெரிவதே இல்லை.

மகன், மருமகள், பேரன் எல்லாரோடும் பெரியவரையும் ஒரே பாலிசியில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மூத்தவர் வயதைப் பார்த்துத்தான் மொத்தப் பிரீமியமும் போடுவார்கள். அவர் ஒரு தடவை படுத்தால் எல்லாருக்குமான தொகையும் கரைந்துவிடும். மகன் வேலை பார்க்கும் கம்பெனியின் குழுக் காப்பீட்டையும் மட்டும் நம்ப வேண்டாம். வேலை போனால் அன்றைக்கே அதுவும் போகும், எழுபது வயதில் புதிதாகக் காத்திருப்புக் காலத்தைத் தொடங்க வேண்டிவரலாம்.

புதுப்பித்தபோது பிரீமியம் எகிறிவிடும் என்று பயந்தோம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் ஆணையத்திடம் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. க்ளெய்ம் வாங்கிவிட்டீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவோ, உங்கள் ஒருவருக்கு மட்டும் ஏற்றவோ கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. போன முறை வரியோடு 35,282 கட்டினோம்; இந்த முறை பிரீமியம் 32,000 ஆக ஏறியும் கட்டியது அந்த 32,000 மட்டும்தான்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது, பிரீமியம் நாலாயிரம் ஐயாயிரம் கூடினாலும் கோ-பே இல்லாத, அறை வரம்பு இல்லாத பாலிசியைப் பாருங்கள். கையுறை, டயபர் போன்ற செலவுகளையும் ஏற்கும் கூடுதல் இணைப்பு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலிசித் தாள் வந்ததும் முழுதாகப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே எழுதிக் கொடுங்கள், நீங்கள் கடந்துவந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. ஏஜென்ட்டிடம் டிஸ்சார்ஜுக்குப் பின் எத்தனை நாள், அதில் எது எதற்குப் பணம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுப் பராமரிப்புக்கு நாங்கள் தனியாக ஒரு வழி செய்துகொண்டோம். அத்தையிடம் இருந்த 6 லட்சத்தை அவர் பெயரிலேயே தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறோம். 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை 12,300 ரூபாய் வரும். அதை எடுக்காமல் தனிக் கணக்கில் சேர்க்கிறோம். ஒரு வருட வட்டி 49,200, ஹோம் நர்ஸுக்கு இரண்டு மாதச் சம்பளம். நாத்தனார் பொள்ளாச்சியிலிருந்து வந்தபோது அந்தப் பாஸ்புக்கை அவரிடமும் காட்டி, அவசரத்துக்கு யார் எடுக்கலாம் என்று அத்தை முன்னாலேயே பேசி முடித்துவிட்டோம்.